தலைப்பிரட்டைக்கு வயது அறுபத்திரண்டு

பதினாறு. பாவாயி மேலிருந்து கீழே எண்ணினாள், கீழிருந்து மேலே எண்ணினாள், பதினாறேதான். கிணற்றுக்கு மொத்தம் முப்பத்தெட்டுப் படி. ஆடி மாதம் அவள் முதல்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்துநான்கு படி வெளியே தெரிந்தது. இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது, வாரா வாரம் மழை, தண்ணீர் எட்டுப் படி ஏறி வந்திருக்கிறது. அவள் உட்கார்ந்திருக்கும் பலகைக்கல் பன்னிரண்டாம் படிக்கு நேராகச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது. ஆடியில் இங்கிருந்து எட்டிப் பார்த்தபோது பன்னிரண்டு படி ஆழத்தில் தண்ணீர் கறுப்பாகச் சின்னத் தட்டு மாதிரிக் கிடந்தது, பார்த்த மாத்திரத்தில் உள்ளங்கால் கூசியது. இப்போது நான்கே படி. கிணறு இவளுக்காகவே கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தது போல. ஆனால் பன்னிரண்டு படி உயரத்திலிருந்து குதித்தவர்களும் நான்கு படி உயரத்திலிருந்து குதிக்கிறவளும் ஒன்றாகிவிட முடியுமா, அது சரியான கணக்கா என்று அவளுக்குச் சந்தேகம். போன வாரம் வசந்தாமணியிடம் கேட்டே விட்டாள். கிணறும் அதைச் சுற்றியுள்ள மஞ்சள் காடும் வசந்தாமணியுடையவை. நாமக்கல்லை ஒட்டிய இந்தப் பக்கத்துப் பெண்கள் ஏழு பேர் ஞாயிறு காலையில் இங்கே நீந்த வருவதும் அவள் ஏற்பாடுதான். அவள் தண்ணீரில் மல்லாந்து கிடந்தபடியே சொன்னாள், "தண்ணி எத்தனைன்னு கெணறு பாத்துக்கும், நீங்க எதுக்குங்க்கா அதுக்குக் கணக்கு எழுதறீங்க." எல்லோரும் சிரித்தார்கள். கிணற்றுக்குள் சிரித்தால் ஒரு ஆள் சிரிப்பு நாலு ஆள் சிரிப்பாகத் திரும்பி வரும். பாவாயியும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தாள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது, அது இங்கே சட்டம். தலைப்பிரட்டையிடம் எப்போது என்று யாரும் கேட்கக் கூடாது.

தலைப்பிரட்டை. புதிதாகச் சேர்கிறவளுக்கு இந்தக் கிணற்றில் அதுதான் பெயர். முதுகில் காலி எண்ணெய்க் கேன் கட்டிக்கொண்டு நீந்தக் கற்றுக்கொள்கிற வரைக்கும் அவள் தலைப்பிரட்டை. அந்தக் கேன் அவளுடைய வால். என்றைக்கு அவள் தானாகவே வாலை அவிழ்த்து வைத்துவிட்டுப் பலகைக்கல்லிலிருந்து குதிக்கிறாளோ அன்றைக்குத் தவளை. வாலை வேறொருத்தி அவிழ்க்கக் கூடாது, யாரும் பிடித்துத் தள்ளக் கூடாது. ஏழு வருஷம் முன்னால் தையல்காரி கோமளாதான் முதல் ஆளாகப் புதிதாக வந்தாளாம். முகம் கழுவத் தண்ணீரை அள்ளினாளாம், உள்ளங்கையில் ஒரு தலைப்பிரட்டை நெளிந்ததாம், அவள் போட்ட கூச்சலில் கிணற்றோர வாகை மரத்தில் இருந்த தூக்கணாங்குருவி பூராவும் பறந்துவிட்டதாம். "அதும் உன்னையாட்டத்தான் புதுசு, எதுக்குக் கத்தறே" என்று வசந்தாமணி சொல்ல, அன்றைக்கு ஒட்டிக்கொண்டது பெயர். அந்தச் சொல்லுக்கு இங்கே நிறைய நடைமுறை உண்டு, பாவாயி எல்லாவற்றையும் வரிசையாக மனதில் வைத்திருக்கிறாள். கிணற்று மேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டால் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது, சந்தையில் பார்த்தால் பாவாயி அக்காதான். வயதில் மூத்தவள் என்றால் மரியாதை சேர்த்துக்கொள்ள வேண்டும், அதனால் இவளை "ஏனுங்க தலைப்பிரட்டை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலைப்பிரட்டைதான் முதலில் படி இறங்க வேண்டும், முதலில் ஏற வேண்டும், தூக்குப்போசியில் வரும் காப்பியில் முதல் டம்ளர் அவளுக்கு. இறங்கும்போது ஒருத்தி கேட்பாள், "வால் இருக்குதா?" இவள் சொல்ல வேண்டும், "இருக்குதுங்க." உடனே எல்லோரும் சேர்ந்து, "அப்ப எறங்குங்க." முதல் ஞாயிறு அந்தப் பதிலைச் சொல்லும்போது குரலே எழும்பவில்லை, மருமகள் சுகந்தியின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு நின்ற கூச்சம் வேறு, அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாகப் பேண்ட். இரண்டாம் ஞாயிறு குரல் வந்தது. மூன்றாம் ஞாயிறு, சனிக்கிழமை ராத்திரியே அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தது போல இருந்தது. இன்றைக்குப் பதின்மூன்றாவது ஞாயிறு. கோமளா நான்கே ஞாயிற்றில் தவளையாகிவிட்டாள். தபாலாபீஸ் பங்கஜத்துக்கு ஏழு. இவளைப் போல இத்தனை நாள் வாலோடு இருந்தவர் யாரும் இல்லை.

புதியவள் என்பதற்கு அவள் எத்தனை சொல் கேட்டிருக்கிறாள். கல்யாணமாகிப் போன வீட்டில் புதுப்பொண்ணு. "புதுப்பொண்ணு, அடுப்பைப் பாரு, புதுப்பொண்ணு, சாணி கூட்டு" என்று பதினோரு மாசம், பையன் பிறந்ததும் அது நின்றுவிட்டது, அதற்குப் பதிலாக வேறு சொல் எதுவும் வரவில்லை, "ஏ" என்றுதான் கூப்பிட்டார்கள். கோழிப்பண்ணையில் சேர்ந்தபோது எட்டு மாசம் "புதுசு". உடைந்த முட்டை எதுவாக இருந்தாலும் புதுசு உடைத்தது. எட்டு மாசம் கழித்து இன்னொரு புதுசு வந்த பின்புதான் பாவாயி என்று ஒருத்தி இருப்பது மேஸ்திரிக்குத் தெரிந்தது. ஆறு வருஷம் முன்னால் வீட்டுக்காரரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூன்று நாள் "புது அட்மிசன் கூட யாரு?" என்று கூப்பிட்டார்கள், இவள் எழுந்து எழுந்து நின்றாள், நான்காம் நாள் அவரே இல்லை, யாரும் கூப்பிடவில்லை. அந்தச் சொற்கள் எல்லாம் எப்போது உதிரும் என்று காத்திருந்த சொற்கள். இது மட்டும் ஏன் நாக்கில் இப்படி வெல்லக்கட்டியாகக் கிடக்கிறது? அவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள், பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில், சுகந்தியின் பிள்ளைக்குத் தலை சீவும்போது. மற்ற சொற்களில் எல்லாம், உனக்கு இன்னும் தெரியவில்லை என்பது இருந்தது. இதிலும் அது இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் தலைப்பிரட்டை என்று சொன்ன உடனே கூடவே இன்னொன்றும் கேட்கிறது, நீ ஆகப்போகிறாய் என்று. அறுபத்திரண்டு வயதில் அவளைப் பார்த்து நீ இனிமேல் ஒன்று ஆகப்போகிறாய் என்று யார் சொல்கிறார்கள்? சர்க்கரை ஆகும், முட்டிவலி ஆகும் என்று டாக்டர் சொல்வார். ஆகவே அவள் ஒவ்வொரு ஞாயிறும் ஆகப்போகிறவளாகவே வந்தாள், ஆகப்போகிறவளாகவே திரும்பினாள், அது எவ்வளவு நன்றாக இருந்தது! மேலே குருவிக் கூடுகள் ஒன்பது ஆடின. போன வாரம் எட்டு. வெயில் கிழக்குச் சுவரில் ஐந்தாம் படி வரைக்கும் இறங்கிவிட்டது. கீழே தண்ணீரில் கோமளா, வசந்தாமணி, பங்கஜம், இன்னும் மூன்று பேர், ஆறு தலையும் வட்டமாக மிதந்தன, ஏழாவது இடம் காலியாக இருந்தது. முதுகில் கேன் மெதுவாக அசைந்தது. அசைந்தபோது உள்ளே சத்தம் கேட்டது. இன்றைய தண்ணீர் இல்லை, போன வாரத்துத் தண்ணீர், ஒரு கை அளவு, முழுதாகக் கவிழ்க்க நேரமில்லாமல் போனது.

அந்தச் சத்தம் அவள் காதுக்கு மட்டும்தான் தெரியும். முப்பத்தொரு வருஷம் முட்டை பொறுக்கியவள். ஒரு நாளைக்கு நானூறு அட்டை, ஒரு அட்டைக்கு ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு, முப்பது முட்டை. இரண்டு இரண்டு முட்டையாகக் கையில் எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டுவாள், நல்ல முட்டை என்றால் கூழாங்கல் மாதிரி ஒரு சத்தம், மயிரிழைக் கீறல் இருந்தாலும் சத்தம் சற்றே அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரியும். எட்டாவது ஞாயிறு, இறங்கும்போது கேன் சுவரில் லேசாக இடித்தது, சத்தம் அடைத்துக்கொண்டது. கீறல் என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் "வால் இருக்குதா?" என்றார்கள், "இருக்குதுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இறங்கிவிட்டாள். நடுக்கிணறு வரைக்கும் போய்த் திரும்பியபோது முதுகில் தூக்குகிற பிடி இல்லை, பாரம்தான் இருந்தது. கேனுக்குள் தண்ணீர் முழுக்க ஏறி, வால் முங்கிப்போய்க் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. இவள் மிதந்துகொண்டிருந்தாள். தன் கையாலும் காலாலும். அந்த ஒரு நொடி பயந்து அடுத்த நொடி பயம் எங்கே போனது என்று தேடினாள், காணோம். காதுக்குள் தண்ணீர், கண்ணுக்கு நேரே வட்டமாக வானம், வயிற்றுக்கு அடியில் குளிர்ச்சி விரல் விரலாக நழுவிப் போனது. பெரிய ரகசியம் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டவள் போலக் கரையேறினாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று கேனைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். ஒன்பதாவது ஞாயிறும் அப்படித்தான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஐந்து ஞாயிறாக அவள் வாலே இல்லாமல் நீந்திக்கொண்டு, வால் இருக்குதுங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். முட்டைக் கணக்கில் முப்பத்தொரு வருஷம் ஒரு பொய் சொன்னதில்லை. சரி, பொய்யா அது? வால் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். இருக்கிறது. நல்லதாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே. இந்தச் சமாதானத்தை அவள் இருபது முறையாவது சொல்லிக்கொண்டிருப்பாள், ஒருமுறை கூட அது நிற்கவில்லை, கீறல் முட்டையை அட்டையில் தலைகீழாகத் திருப்பி வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு, அவர்களோடு இவள் சண்டை போட்டிருக்கிறாள்.

"சம்பந்தீ..." என்று மேலேயிருந்து குரல் வந்தது. பாவாயியின் முதுகு நிமிர்ந்தது. நாச்சாயி. சுகந்தியின் அம்மா, ராசிபுரத்துக்காரி, மூன்று வாரமாகச் சனிக்கிழமை வந்து மகள் வீட்டில் தங்கி, ஞாயிறு காலையில் இவள் பின்னாலேயே வந்து கிணற்றுக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துகொள்கிறாள். ஒரு நேரத்தில் ஒரு தலைப்பிரட்டைதான் என்பது இங்கே இன்னொரு சட்டம், கவனிக்க ஆள் வேண்டுமே. ஆகவே இவள் தவளையானால்தான் அவள் தலைப்பிரட்டை ஆக முடியும். முதல் வாரமே கேட்டு வைத்துவிட்டாள், "எடம் காலியானாச் சொல்லுங்க சம்பந்தி." ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் சாப்பிட்டீங்களா சம்பந்தி, சௌக்கியமா சம்பந்தி, இன்னும் ரெண்டு இட்லி வைங்க சம்பந்தி என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. மரியாதை இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு அண்டா மாதிரி உட்கார்ந்திருந்தது, யாரும் அதை நகர்த்தியதில்லை. "நான் சும்மா பாக்கத்தானுங்க வந்தேன். ஒன்னும் அவசரமில்லீங்க. நீங்க மெதுவா ஒக்காந்திருங்க." தண்ணீருக்குள்ளிருந்து கோமளா சத்தம் போட்டாள், "சும்மா பாக்க வந்தவங்களுக்குச் சுடிதார் எதுக்குங்கம்மா?" பாவாயி அண்ணாந்து பார்த்தாள். நாச்சாயி பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட சுடிதார் போட்டிருந்தாள், துணி புதிது, மடிப்புக் கலையவில்லை, அதன் மேல் சுங்குடிச் சேலையைச் சால்வை போலப் போர்த்தி மறைத்திருந்தாள். "பனிக்குப் போட்டனுங்க" என்றாள் நாச்சாயி. சிரிப்பு சுவருக்குச் சுவர் மோதியது. பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் துணியின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் நின்று எடுத்திருக்கிறாள். தன்னைப் போல மருமகளுடைய பழசை வாங்காமல், தனக்கென்று அளவு சொல்லி எடுத்திருக்கிறாள். எத்தனை நாள் யோசித்திருப்பாள். மூன்று வாரம், நான்கு மணி நேரம் மொத்தமாகக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து கால் மரத்துப்போனவள், இந்தச் சொல்லுக்காக, இவள் வாயில் அடக்கிக்கொண்டு விடாமல் வைத்திருக்கும் இதே சொல்லுக்காக.

மூன்று எண்ணிக் குதிக்கச் சொல்லுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பாவாயி அதையும் செய்து பார்த்திருக்கிறாள், மூன்றில் அவளுக்குக் கணக்கு முடியாது. மூன்றில் என்ன முடிகிறது, வரிசையே ஆறு. ஆறு எண்ணினால் அட்டை பாக்கி. பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநான்கு, முப்பது, முப்பது வந்தால் அட்டை முடிந்துவிடும், அடுத்த அட்டை, கை தானாக அடுத்த அட்டைக்குப் போகும். இப்படி அவள் இந்தக் கல்லில் உட்கார்ந்து எத்தனை அட்டை எண்ணியிருக்கிறாள், தண்ணீரில் முட்டைகள்தான் நிறைந்தன. பயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நீந்துவது வேறு, குதிப்பது வேறு. நீந்தும்போது தண்ணீர் கையில் இருக்கிறது. குதித்தால் ஒரு நொடி எதுவும் கையில் இருக்காது. நான்கு படி உயரம், ஒன்று என்று சொல்வதற்குள் முடிந்துவிடும், அந்த ஒன்றுக்குள் இவள் எங்கே இருப்பாள்? கல்லில் இல்லை, தண்ணீரில் இல்லை. சரி, அது போகட்டும். குதித்து எழுந்தபின் இவள் யார்? தவளை. ஏழு பேரில் ஒருத்தி. முதல் டம்ளர் காப்பி போய்விடும், அது போகட்டும். ஏனுங்க தலைப்பிரட்டை என்று இவ்வளவு அன்பாக, இவ்வளவு கேலியாக அவளை வேறு யார் கூப்பிடுவார்கள்? அந்த இடத்தில் மனம் கொக்கியில் மாட்டிய துணி போல நின்றுவிட்டது. இன்னும் ஒரே ஒரு வாரம். ஒரே ஒரு ஞாயிறு. அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. இவள் வாலை அவிழ்த்தால் அந்த வால் யார் முதுகுக்குப் போகும்? இந்தக் கேன். இந்தக் கீறல் கேன். நாச்சாயிக்கு மாரியம்மன் கோயில் தெப்பத்தில் கால் நனைப்பதே நடுக்கம், சுகந்தி சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தப் புதுச் சுடிதாரோடு, "இருக்குதுங்க" என்று நம்பிச் சொல்லிவிட்டு, நடுக்கிணற்றில், கேனுக்குள் தண்ணீர் ஏற ஏற... பாவாயி சட்டென்று எழுந்து நின்றாள். கல் ஈரமாக இருந்தது, கட்டைவிரலை ஊன்றிக்கொண்டாள்.

"வசந்தாமணி" என்றாள். கீழே யாரும் திரும்பவில்லை. இன்னொருமுறை சொன்னாள். "கண்ணு, இந்தக் கேனை இனி யாருக்கும் கட்டாதீங்க. இதுல கீறல் இருக்குது." ஆறு தலையும் திரும்பின. "எப்பலேருந்துங்க்கா?" என்று வசந்தாமணி கேட்டாள், முகத்தை ரொம்பவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "எட்டாவது ஞாயிறு. ஆவணி கடைசி. நாந்தான் சொல்லலை." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள், காது இரண்டும் சுட்டது. முதலில் பங்கஜம்தான் மூக்கால் சிரித்தாள், அவளால் அடக்க முடியவில்லை, பிறகு ஒவ்வொருவராக, பிறகு கிணறே சிரித்தது, ஒரு குருவி கூட்டை விட்டுப் பறந்தது. "அக்கா" என்றாள் கோமளா, மூச்சு வாங்கிக்கொண்டு, "வாராவாரம் நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னு கவுத்தறீங்களே, கொடகொடன்னு கெணறு பூரா கேக்குதுங்க்கா. மேல மஞ்சக் காட்டுல களை எடுக்கறவங்களுக்கே கேக்கும்." வசந்தாமணி சொன்னாள், "புதுக் கேன் வாங்கி மோட்டார் ரூம்ல வெச்சு நாலு வாரமாச்சு. தலைப்பிரட்டைகிட்ட எப்பன்னு கேக்கக் கூடாதே. அதான் கேக்கலை. நீங்க பாட்டுக்கு வால் இருக்குதுங்கன்னு சொல்றதைக் கேக்கறக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." முப்பத்தொரு வருஷம் எல்லார் கீறலையும் கண்டுபிடித்த பாவாயிக்கு, தன் கீறலை ஆறு பேர் ஐந்து வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது தெரியாமல் போயிருக்கிறது. வெட்கம் கழுத்து வரைக்கும் வந்தது, அங்கேயிருந்து எப்படியோ சிரிப்பாக மாறி மேலே வந்தது. இவ்வளவு நாள் யாரும் சொல்லவில்லை. அவிழ்க்கவில்லை, தள்ளவில்லை. பார்த்துக்கொண்டே, பக்கத்திலேயே மிதந்துகொண்டு, விட்டு வைத்திருக்கிறார்கள். இவளுக்காக யாராவது இப்படிக் காத்திருந்திருக்கிறார்களா? யோசித்துப் பார்க்கக் கூட வேண்டியதில்லை.

கயிற்று முடிச்சு மூன்று. நனைந்து இறுகியிருந்தது, முதல் முடிச்சைப் பல்லால் இழுத்தாள், இரண்டாவது விரலுக்கு வந்தது, மூன்றாவது தானே நெகிழ்ந்தது. கேனைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தாள். முதுகு திடீரென்று காலியாக, காற்றுப்பட்டு, யாரோ கை எடுத்தது போல இருந்தது. கீழே ஆறு பேரும் ஒதுங்கி வட்டத்தைப் பெரிதாக்கினார்கள். அவள் எண்ணத் தொடங்கினாள், வேறு வழி தெரியாது. ஒன்று, இரண்டு, முதல் வரிசை, ஆறு, ஏழு, தண்ணீருக்குள் கிழக்குச் சுவரின் வெயில் உடைந்து உடைந்து மஞ்சளாகக் கிடந்தது, பன்னிரண்டு, இரண்டாம் வரிசை முடிந்தது, பதின்மூன்று, பதினாறு, பதினேழு. "சம்பந்தி" என்று மேலேயிருந்து நாச்சாயி பதறினாள், "வாய்க்குள்ள என்னுங்க முணுமுணுக்கறீங்க, மந்திரமுங்களா? எனக்கும் சொல்லிக் குடுத்துருங்க!" "முட்டைங்க சம்பந்தி" என்றாள் பாவாயி. அதைச் சொன்ன தன் குரலைத் தானே கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வெடித்தது, வாயைப் பொத்தக் கை எடுத்தாள், உடம்பு ஆடியது, கட்டைவிரல் நழுவியதா, அவளே விட்டாளா, கல் காலடியில் இல்லை. காற்று. குருவிக் கூடு ஒன்பதும் மேலே ஓடின. பிறகு தண்ணீர் அவளை முழுசாக வாங்கிக்கொண்டது. காதுக்குள் பெரிய மணிச் சத்தம், கண்ணுக்குள் பச்சை, மூக்கில் காரம், கீழே கீழே கீழே போய், கால் எதையும் தொடாமல், அப்படியே நின்று, யாரும் சொல்லாமலேயே கை இரண்டும் தண்ணீரை விலக்கின. மேலே வந்தாள். பதினெட்டா, பத்தொன்பதா, எங்கே விட்டாள்? தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. பாதியில் நின்றுபோன அட்டை, அவள் ஆயுசில் முதலாவது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

"வால் இருக்குதா?" என்று வசந்தாமணி கேட்டாள். பாவாயி முகத்துத் தண்ணீரை வழித்தாள். மூச்சு வரட்டும் என்று விட்டாள். "இல்லீங்க" என்றாள். அவ்வளவு சத்தமாக அவள் எதையும் சொன்னதில்லை, கிணறு அதை நாலு முறை திருப்பிச் சொன்னது. அன்றைக்குக் காப்பி வருவதற்கு முன்பே நாச்சாயி இறங்கி வந்துவிட்டாள், சுங்குடியைக் கட்டைச்சுவரிலேயே போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பெயர் சொல்லிக்கொண்டு. தண்ணீர்ப் படியில் பாவாயி புதுக் கேனோடு நின்றிருந்தாள். இரண்டு விரலால் தட்டிப் பார்த்தாள், கூழாங்கல் சத்தம். சம்பந்தியின் முதுகில் அதை வைத்து, மாரைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள், ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றில் முடிந்துவிட்டது. அவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்றதே இல்லை, நாச்சாயியின் நெஞ்சு அடித்துக்கொள்வது கேன் வழியாகக் கைக்குத் தெரிந்தது. அந்தச் சொல் இவ்வளவு நாளும் காதுக்கு வந்த சொல்லாகவே இருந்தது. இப்போது வாய்க்கு வந்தபோது அது எங்கேயும் போய்விடவில்லை என்று தெரிந்தது, இன்னும் இனிப்பாகத்தான் இருந்தது.

"ஏனுங்க தலைப்பிரட்டை" என்றாள் பாவாயி. "வால் இருக்குதுங்களா?"

நாச்சாயி ஒரு கையால் பின்பக்கம் தடவிப் பார்த்து, நிச்சயம் பண்ணிக்கொண்டு, புதுப்பெண் மாதிரி முகம் சிவந்து, "இருக்குதுங்க" என்றாள்.

"அப்ப எறங்குங்க!" என்றது கிணறு.